முருகைக்கற் பாறைகளை உண்ணும் நத்தைகள்: அவை பெருகுவது ஏன்?

முருகைக்கற் பாறைகளின் அழிவு பற்றிப் பேசப்படும் போதெல்லாம் கடல்நீர் வெப்பமடைதல், சுண்ணாம்புக்காக முருகைக்கல் அகழ்தல், வெடிவைத்து மீன்பிடித்தல் ஆகிய காரணங்களே முதலில் எமது நினைவுக்கு வருகின்றன. அப்பாறைகளுக்குள்ள இயற்கையான எதிரி எதுவெனக் கேட்டால் முட்கிரீட நட்சத்திர மீனைப் பலரும் குறிப்பிடுவர். 1970களில் எமது கிழக்குக் கரையோரத்திலும் கவலையை ஏற்படுத்திய உயிரினம் அது. ஆனால், பெருவிரல் நுனியளவே உள்ள ஒரு கடல் நத்தையும் பல கிலோமீற்றர் நீளமான பாறைகளை வெறும் எலும்புக்கூடாக்கிவிட வல்லது என்பதை அறிந்தோர் சிலரே.

இந்த நத்தைகள் எல்லாக் காலத்திலும் அழிவை ஏற்படுத்துவதில்லை. ஆரோக்கியமான ஒரு பாறையில் அவை நூற்றுக்கணக்கில் வாழ்ந்தும் எவர் கண்ணிலும் படாமலேயே இருந்துவிடும். அதே நத்தைகள் வேறொரு காலத்தில், வேறோர் இடத்தில், எஞ்சியிருக்கும் கடைசி முருகையையும் தின்று தீர்க்கின்றன. இந்த வேறுபாடு எதனால் ஏற்படுகின்றது? அரை நூற்றாண்டு கால ஆய்வுகள் இக்கேள்விக்குத் தந்துள்ள விடைகள், கடலை நம்பி வாழும் எமது மக்களுக்கும் பயன்படக்கூடியவையாகும்.

நத்தையின் இயல்பு

முருகைக்கல் என நாம் அழைப்பது வெறும் கல்லன்று. பொலிப் எனப்படும் மிகச் சிறிய உயிர்கள் கூட்டமாக வாழ்ந்து, கடல்நீரிலிருந்து கல்சியத்தைப் பெற்றுத் தமக்கெனக் கட்டியெழுப்பும் வீடே அது. கல்லின் மேற்பரப்பில் மெல்லிய தோல் போலப் படர்ந்திருப்பதே உயிருள்ள பகுதியாகும். அந்தத் தோல் அகன்றுவிட்டால் எஞ்சுவது வெண்ணிறக் கல் மட்டுமே.

இந்தத் தோலையே உணவாகக் கொள்ளும் நத்தைகளுள் முதன்மையானவை துருபெல்லா என்னும் இனத்தைச் சேர்ந்தவை. செங்கடலிலிருந்து இந்து சமுத்திரம் ஊடாகப் பசிபிக் சமுத்திரத் தீவுகள் வரை இவை பரவியுள்ளன. பண்டைய பினீசியர் ஊதாச் சாயம் எடுத்த கடல் நத்தைகளும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவையே. வளர்ந்த துருபெல்லாவின் ஓடு பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு சென்ரிமீற்றர் நீளமுடையது. ஓட்டின் மீது இளஞ்சிவப்பு நிறக் கடற்பாசி படர்ந்துவிடுவதால் பாறையிலிருந்து அதனைப் பிரித்தறிவது கடினம். பகலில் முருகைக் கிளைகளின் அடியில் ஒதுங்கியிருந்து, இரவில் வெளிவந்து, அரம் போன்ற நாவினால் முருகையின் தோலைச் சுரண்டித் தின்பது இதன் வழக்கம். கிளி மீன் கடிக்கும்போது கல்லும் சேர்ந்து உடைகின்றது. நத்தையோ கல்லை அப்படியே விட்டு உயிரை மட்டும் உரித்தெடுக்கின்றது. தின்ற இடம் சில நாட்கள் பளிச்சென்ற வெண்மையாகத் தெரியும். பின்னர் அதன்மீது பாசி படர்ந்து, எப்போதோ இறந்துபோன கல்லைப் போலத் தோற்றமளிக்கும். எனவே குற்றவாளி யார் என்பது பல வேளைகளில் தெரியாமலே போய்விடுகின்றது.

எல்லா முருகைகளையும் இவை ஒரே விதமாக நாடுவதில்லை. மான்கொம்பு போலவும் மேசை போலவும் விரைவாக வளரும் அக்ரோபோரா வகை முருகைகளே இவற்றின் விருப்பமான உணவு. ஒரு பாறை சேதமடைந்தபின் முதலில் தளிர்த்து அதனை மீட்டெடுப்பவையும் இந்த வகை முருகைகளே என்பது இங்கு கவனிக்கத்தக்கது.

துருபெல்லாவில் ஆண், பெண் வேறுவேறானவை. முட்டைகள் சிறு உறைகளுக்குள் இடப்பட்டு, பாறையில் ஒட்டவைக்கப்படுகின்றன. அவற்றிலிருந்து வெளிவரும் குடம்பிகள் வாரக்கணக்கில் கடல் நீரோட்டத்தோடு மிதந்து திரிந்து, பின்னரே ஒரு பாறையில் தங்குகின்றன. ஓராண்டில் நீரோட்டமும் உணவும் வாய்த்தால் பெருந்தொகையான குடம்பிகள் பிழைக்கும்; வேறோராண்டில் அனைத்தும் மடிந்துபோகும். ஆகவே இந்த நத்தைகளின் தொகை ஆண்டுதோறும் ஒரே சீராகக் கூடுவதோ குறைவதோ இல்லை. அலை அலையாகவே மாறுகின்றது.

வளர்ந்த நத்தைகளும் பாறையெங்கும் சமமாகப் பரவியிருப்பதில்லை. உடைந்த அல்லது காயமுற்ற முருகையிலிருந்து கசியும் பொருட்களின் வாடை அவற்றை ஈர்க்கின்றது. ஏற்கனவே சில நத்தைகள் தின்றுகொண்டிருக்கும் இடத்தை நோக்கி ஏனையவையும் நகர்கின்றன. இதனால் பாறையின் பெரும்பகுதியில் ஒரு நத்தையேனும் காணப்படாதிருக்க, ஒரே ஒரு முருகைக் கொத்தில் பல பத்து நத்தைகள் குவிந்திருக்கும். எனவே ஒரு சில இடங்களை மட்டும் பார்த்துவிட்டு நத்தைகள் இல்லையென்றோ பெருகிவிட்டன என்றோ கூறுவது தவறாக முடியலாம். அவுஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பாறையில் ஆய்வு செய்தோரும், ஓரிடத்தில் நத்தைகள் கூட்டமாகக் குவிவது வேறு, பாறை முழுவதிலும் அவற்றின் தொகை பெருகுவது வேறு என்பதை வலியுறுத்தியுள்ளனர்.

நிங்கலூவில் நடந்தது

துருபெல்லாவின் அழிவாற்றல் உலகின் கவனத்தை ஈர்த்தது 1970களின் பிற்பகுதியிலாகும். ஜப்பானின் மியாகே தீவில் 1976 ஆம் ஆண்டளவில் தொடங்கிய பெருக்கம் பற்றியும், பிலிப்பைன்ஸில் காணப்பட்ட இதே போன்ற அழிவு பற்றியும் 1982 ஆம் ஆண்டில் ஆய்வறிக்கை வெளியானது. எனினும், மிகப் பெரிய நிகழ்வு மேற்கு அவுஸ்திரேலியாவின் நிங்கலூ பாறையிலேயே இடம்பெற்றது.

நிங்கலூ, கரையை ஒட்டி 260 கிலோமீற்றருக்கும் மேலாக நீண்டு கிடக்கும் முருகைப் பாறையாகும். 1987 ஆம் ஆண்டில் கடற் பூங்காவாகப் பிரகடனப்படுத்தப்பட்ட இப்பிரதேசம் 2011 ஆம் ஆண்டில் உலக மரபுரிமைத் தலமாக அங்கீகரிக்கப்பட்டது. 1980களின் நடுப்பகுதியில் இங்கு துருபெல்லா நத்தைகள் பெருந்தொகையாகக் காணப்பட்டன. அந்தத் தசாப்தம் முடிவதற்குள் பாறையின் நீண்ட பகுதிகளில் உயிருள்ள முருகையின் பெரும்பங்கு அழிந்தது. மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட இடங்களில் நான்கில் மூன்று பங்கு அளவிலான முருகை இழக்கப்பட்டதாக மதிப்பிடப்பட்டது.

காரணம் என்ன என்ற கேள்விக்குப் பல விடைகள் முன்வைக்கப்பட்டன. நத்தைகளை உண்ணும் மீன்கள் அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்டமையே காரணம் என்றனர் சிலர். நிலத்திலிருந்து அடித்துவரப்படும் போசணைப் பொருட்களால் குடம்பிகளுக்குரிய உணவு பெருகியது என்றனர் வேறு சிலர். ஆனால் நிங்கலூவின் கரை வறண்ட பிரதேசம். அங்கு பெரிய ஆறுகள் கடலில் கலப்பதில்லை. ஆகவே ஓரிடத்துக்குப் பொருந்தும் விளக்கம் இன்னோரிடத்துக்குப் பொருந்தாது போயிற்று. இயற்கையாகவே நீண்ட இடைவெளிகளில் வந்துபோகும் ஏற்றத்தாழ்வு இது என்ற கருத்தும் கூறப்பட்டது. இன்றுவரை ஒரே காரணத்தைச் சுட்டிக்காட்டி வழக்கை முடிக்க எவராலும் இயலவில்லை.

அடுத்து வந்த ஆண்டுகளில் நிங்கலூவில் நத்தைகளின் தொகை குறைந்தது. பல இடங்களில் முருகைகள் மீண்டும் தளிர்த்தன. போதிய கால அவகாசம் கிடைத்தால் பாறை தன்னைத் தானே மீட்டுக்கொள்ளும் என்பதற்கு இது சான்றாயிற்று. பிற்கால ஆய்வாளர்கள் மேலுமொரு பயனுள்ள அளவுகோலை முன்வைத்தனர். முருகை வளரும் வேகத்தையும் நத்தைகள் அதனைத் தின்னும் வேகத்தையும் ஒப்பிட வேண்டும். தின்னும் வேகம் வளரும் வேகத்தை மிஞ்சும் நிலையே ஆபத்தான பெருக்கம் என்பதே அந்த அளவுகோலாகும். வரவையும் செலவையும் ஒருங்கே பார்க்கும் குடும்பக் கணக்கைப் போன்றது இது. செலவு எவ்வளவு என்பதை மட்டும் வைத்து ஒரு குடும்பம் கடனில் உள்ளதா இல்லையா என்று கூறிவிட முடியாதல்லவா?

மீன்கள் குறைந்தால்

நத்தையை உண்ணும் மீன்கள் குறைவதே காரணம் என்ற கருத்துக்கு வலுவூட்டும் சான்றுகள் கிழக்கு ஆபிரிக்காவிலிருந்து கிடைத்தன. கென்யாவின் மாலிந்தி, வட்டாமு ஆகிய இடங்களில் 1968 ஆம் ஆண்டிலேயே கடற் பூங்காக்கள் அமைக்கப்பட்டு மீன்பிடி தடைசெய்யப்பட்டது. ஏனைய பாறைகளில் மீன்பிடி தொடர்ந்தது. இவ்விரு வகைப் பாறைகளையும் ஆண்டுக்கணக்கில் ஒப்பிட்டு வந்த ஆய்வாளர்கள், மீன்பிடி நடைபெற்ற பாறைகளில் துருபெல்லா நத்தைகள் கூடுதலாக இருக்கக் கண்டனர். கிளாத்தி, பேத்தை போன்ற, ஓட்டை நொறுக்கும் பலமான வாயுள்ள மீன்கள் அங்கு அரிதாகிவிட்டமை இதனோடு தொடர்புபடுத்தப்பட்டது.

பசிபிக் சமுத்திரத்திலுள்ள பீஜித் தீவுகளில் வேறொரு நத்தை இனம் தொடர்பாகவும் இத்தகைய முடிவே பெறப்பட்டது. அங்குள்ள கோரலியோபிலா என்னும் நத்தை, முருகையின் மேல் ஒரே இடத்தில் ஒட்டியிருந்து அதன் சத்தை மெதுவாக உறிஞ்சுகின்றது. முருகை அழிவது கண்ணுக்குத் தெரிவதில்லை. அதன் வளர்ச்சி மட்டும் குன்றுகின்றது. கிராம மக்கள் மீன்பிடியைத் தவிர்த்துப் பாதுகாத்த பகுதிகளை விட, மீன்பிடி நடைபெற்று நலிவடைந்த பகுதிகளில் இந்த நத்தைகள் பன்மடங்கு அடர்த்தியாக இருந்தமையை 2018 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று எடுத்துக்காட்டியது.

மீன்கள் உண்பது பெரும்பாலும் இளம் நத்தைகளையே. ஓடு தடித்த பின்னர் நத்தையை உடைப்பது எளிதன்று. ஆதலால் இன்று மீன்கள் அருகிப்போனால் அதன் விளைவு இன்றே தெரிவதில்லை; பிழைத்துக்கொண்ட இளம் நத்தைகள் வளர்ந்து கூட்டமாகும்போதே தெரிகின்றது. அப்போது மீன்களைப் பாதுகாக்கத் தொடங்கினாலும், ஏற்கனவே வளர்ந்துவிட்ட நத்தைகளை உடனடியாகக் குறைக்க முடியாது.

முருகை குறைந்தால்

நத்தைகளின் தொகை சற்றும் கூடாமலேயே அவற்றால் ஏற்படும் ஆபத்து கூடிவிடலாம் என்பதே இவ்விடயத்தில் மிக முக்கியமான பாடமாகும். 1980 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் அலன் என்னும் சூறாவளி ஜமெய்க்காவைத் தாக்கியது. அங்கிருந்த மான்கொம்பு முருகைகள் பெருமளவில் உடைந்து சிதறின. எஞ்சிய துண்டுகள் மீண்டும் வளரும் என்றே எதிர்பார்க்கப்பட்டது. நடந்ததோ வேறு. அடுத்து வந்த மாதங்களில், புயல் நேரடியாக ஏற்படுத்திய இழப்பை விடப் பன்மடங்கு இழப்பு நேர்ந்தது. முருகைகளை உண்ணும் நத்தைகளும் கடற் புழுக்களும் புயலுக்குத் தப்பிப் பிழைத்திருந்தன. பெரும் காடாக இருந்த முருகைகளில் பரவி வாழ்ந்த அவை, எஞ்சிய சில துண்டுகளில் குவிந்தமை இந்த இழப்புக்கு ஒரு முக்கிய காரணமாயிற்று.

விளங்கிக்கொள்வதற்காக ஓர் எளிய கணக்கைப் பார்ப்போம். ஒரு பாறையில் 1000 முருகைக் கொத்துகளும் 200 நத்தைகளும் உள்ளன என வைத்துக்கொள்வோம். ஐந்து கொத்துகளுக்கு ஒரு நத்தை. இதனால் பாறைக்குப் பெரிய பாதிப்பில்லை. வெப்பத்தினால் 950 கொத்துகள் இறந்துவிட்டால், எஞ்சிய 50 கொத்துகளின் மீது அதே 200 நத்தைகளும் வந்து சேர்கின்றன. இப்போது ஒவ்வொரு கொத்துக்கும் நான்கு நத்தைகள். நத்தை ஒன்றுகூடப் புதிதாகப் பிறக்கவில்லை. ஆனால் ஒரு கொத்தின் மீதான சுமை இருபது மடங்காகிவிட்டது. மேலும், வெப்பத்தைத் தாங்கிப் பிழைத்த அந்த 50 கொத்துகளே அடுத்த தலைமுறைக்கு விதையாக அமைய வேண்டியவை. நத்தைகள் தின்பது அந்த விதை நெல்லையே.

தாய்லாந்தின் கோ தாவோ தீவில் 2010 ஆம் ஆண்டின் வெளிறல் நிகழ்வுக்குப் பின்னர் இதுவே அவதானிக்கப்பட்டது. விருப்பமான முருகைகள் அருகிப்போகவே, முன்னர் பெரிதும் நாடாதிருந்த காளான் வடிவ முருகைகளையும் துருபெல்லாக்கள் உண்ணத் தலைப்பட்டன. எமது அயலிலுள்ள மாலைதீவிலும் 2016 ஆம் ஆண்டின் வெளிறலுக்குத் தப்பிய முருகைகளை நத்தைகளும் முட்கிரீட நட்சத்திர மீன்களும் தாக்கியமை பதிவாகியுள்ளது. வெப்பம் தொடங்கிவைத்த அழிவை நத்தை தொடர்ந்து நடத்துகின்றது எனக் கூறுவது மிகையாகாது.

கையால் அகற்றுவது தீர்வாகுமா?

நத்தைகளைப் பொறுக்கி எடுத்துவிட்டால் என்ன என்று கேட்கத் தோன்றும். ஐக்கிய அமெரிக்காவின் புளோரிடாவில் இது பரீட்சிக்கப்பட்டுள்ளது. அங்குள்ள அக்ரோபோரா முருகைகள் 2006 ஆம் ஆண்டில் அழிவை எதிர்நோக்கும் உயிரினங்களைப் பாதுகாக்கும் சட்டத்தின் கீழ்க் கொண்டுவரப்பட்டன. குறிப்பிட்ட முருகைகளிலிருந்து கோரலியோபிலா நத்தைகளைச் சுழியோடிகள் அகற்றியபோது, அவற்றின் தோல் இழப்புக் குறைந்தமை உறுதிப்படுத்தப்பட்டது. எண்ணிக்கையில் மிகச் சுருங்கிவிட்ட முருகைகளைக் காப்பதற்கு இம்முறை உதவும்.

ஆயினும் பல கிலோமீற்றர் நீளமான பாறைக்கு இது பொருந்துமெனக் கூறுவதற்கில்லை. இளம் நத்தைகள் நெருங்கிய கிளைகளின் அடியில் ஒளிந்திருப்பதால் அவற்றை எடுக்க முயலும்போது முருகையே உடைந்துவிடுகின்றது. உடைந்த முருகை மேலும் நத்தைகளை அழைக்கும் என்பதை முன்னரே கண்டோம். அகற்றிய இடத்துக்கு நீரோட்டம் புதிய குடம்பிகளைக் கொண்டுவந்து சேர்ப்பதையும் தடுக்க முடியாது. எனவே பொறுக்கி எடுத்தல் தெரிவுசெய்யப்பட்ட சிறு இடங்களுக்கான முதலுதவியே அன்றி நோய்க்கான மருந்தன்று.

எமது கரையோரம்

இவை யாவும் எங்கோ நடப்பவை என இருந்துவிட முடியுமா? 1998 ஆம் ஆண்டில் இந்து சமுத்திரம் முழுவதையும் தாக்கிய வெளிறலினால் ஹிக்கடுவையிலும், கற்பிட்டிக்கு அப்பாலுள்ள பார் முருகைப் பாறையிலும் ஆழங்குறைந்த பகுதிகளின் முருகைகள் பெருமளவில் மடிந்தன. அவ்வேளையில் திருகோணமலைக் கடல் பெரும்பாலும் தப்பியது. பார் பாறை பின்னர் மீண்டும் தளிர்த்தது. அந்த மீட்சியில் அக்ரோபோரா வகைகளுக்குப் பெரும் பங்குண்டு. 2016 ஆம் ஆண்டில் மீண்டும் வெளிறல் தாக்கியது. 2024 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் உலகளாவிய நான்காவது வெளிறல் நிகழ்வு அறிவிக்கப்பட்டது. 2025 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நிங்கலூவும் கடுமையாக வெளிறியது. நத்தைகளின் தாக்குதலிலிருந்து மீள நிங்கலூவுக்குப் பல ஆண்டு அமைதி தேவைப்பட்டது. இனி வரும் காலத்தில் இரு வெளிறல்களுக்கு இடையே அவ்வளவு இடைவெளி கிடைக்குமா என்பதே பெரும் கேள்வி.

கடல் வெப்பமடைவதைத் தடுக்கும் ஆற்றல் கற்பிட்டியிலோ நிலாவெளியிலோ வாழும் ஒரு கடற்றொழிலாளரிடம் இல்லை. ஆனால், வெப்பத்துக்குப் பின் எஞ்சியவற்றை நத்தைகள் தின்று தீர்ப்பதா அல்லது அவை தளிர்ப்பதா என்பதைத் தீர்மானிக்கும் சில விடயங்கள் எமது கைகளிலேயே உள்ளன. வெடிவைத்து மீன்பிடித்தல் 1996 ஆம் ஆண்டின் கடற்றொழில், நீரியல் வளங்கள் சட்டத்தினால் தடைசெய்யப்பட்டுள்ளது. அதனால் விளையும் தீங்கு இருமடங்கானது. ஒரே வெடியில் நத்தையை உண்ணும் மீனும் மடிகின்றது. நத்தையை அழைக்கும் உடைந்த முருகையும் உருவாகின்றது. முருகையின் மீது நங்கூரமிடுவதும், வலை இழுப்பதும், சுற்றுலாப் பயணிகள் அதன்மீது ஏறி நிற்பதும் இதே விளைவைச் சிறிய அளவில் ஏற்படுத்துகின்றன. புறாத்தீவில் 2003 ஆம் ஆண்டு முதலும், ஹிக்கடுவையில் 2002 ஆம் ஆண்டு முதலும் தேசிய பூங்காக்கள் உள்ளன. இத்தகைய இடங்களில் கட்டுப்பாடுகள் உண்மையாகவே நடைமுறைப்படுத்தப்படுவது மீன்களுக்காக மட்டுமன்று. முருகையின் காவலுக்காகவும் ஆகும்.

வெளிறலுக்குப் பின் முருகைகளைக் கணக்கெடுப்போர் எத்தனை இறந்தன என்பதோடு நின்றுவிடாது, எஞ்சிய கொத்துகளில் எத்தனை நத்தைகள் உள்ளன என்பதையும் குறித்துக்கொள்வது அவசியம். கடலின் அடியை நன்கறிந்த சங்கு குளிப்போரும் மீனவரும் இதில் சிறந்த துணையாவர். பளிச்சென்ற வெண்ணிறத் தழும்பையும் அதன் ஓரத்தில் ஒட்டியிருக்கும் சிறு ஓடுகளையும் அடையாளம் காணக் கற்றுக்கொடுக்கப் பெரும் செலவு தேவையில்லை.

நத்தை எமது எதிரியன்று. முருகைகள் உள்ள கடல்களில் அதுவும் ஒரு பங்காளியே. அதன் பங்கு அளவோடிருக்கப் பாறையில் முருகையும் நிறைந்திருக்க வேண்டும். மீனும் நிறைந்திருக்க வேண்டும். இவ்விரண்டும் குறைந்த பாறையில் சிறு நத்தையும் பெரும் பகையாகின்றது. அவற்றைக் குறையவிட்டவர்கள் நாமே என்பதை உணர்ந்தால், நத்தையைப் பழிப்பதை விடுத்து, செய்ய வேண்டியதை நாம் செய்யத் தொடங்கலாம்.